சாவி யார் கையில்? மூத்த அங்கத்தினர்களுக்குக் கம்ப்யூட்டர் பாலபாடம்

(நாக்பூரில் நம் மூத்த அங்கத்தினர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"முக்கால் மணி நேரம் பேசுங்கோ, ஆனால் யாருக்கும் தலை சுற்றக் கூடாது" என்று நம் காரியதரிசி எனக்கு நிபந்தனை போட்டிருக்கிறார். நான் கம்ப்யூட்டர் நிபுணன் அல்ல. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் ஃபைல்களோடு காலம் கழித்தவன். உங்கள் பிள்ளைகள் பெங்களூரிலிருந்து போனில் பேசுகிற கம்ப்யூட்டர் பாஷை எனக்கு வராது. இன்றைய காரியத்துக்கு அது ஒரு சௌகரியம்தான்.

முதலில் கை தூக்கச் சொல்லி மூன்று கேள்விகள் கேட்டேன். செல்போனில் வாட்ஸ்அப் பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்றதற்கு அநேகமாக எல்லாக் கைகளும் உயர்ந்தன. சொந்தமாக ஈ-மெயில் விலாசம் உள்ளவர்கள் என்றதும் பாதியாகக் குறைந்தன. அந்த ஈ-மெயிலின் பாஸ்வேர்ட் தனக்கே தெரிந்தவர்கள் என்றபோது நாலைந்து கைகள்தான் மிஞ்சின. மாமிகள் பக்கத்தில் ஒன்றே ஒன்று. மற்றவர்களுக்கெல்லாம் பாஸ்வேர்ட் பிள்ளைக்கோ, மாப்பிள்ளைக்கோ, பேரனுக்கோ தெரிந்திருக்கிறது. நான் பேச வந்தது அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றித்தான். ஆனாலும் யந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன்.

கம்ப்யூட்டரை ஆபீஸ் மேஜை, பீரோ என்று நினைத்துக்கொண்டால் போதும். மேஜைமேல் பரப்பி வைத்து வேலை செய்கிறோமே, அதுதான் அதன் தாற்காலிக நினைவு. ராம் என்பார்கள். பீரோவில் வைத்துப் பூட்டுவதுதான் ஹார்ட் டிஸ்க். கரண்ட் போனால் மேஜைமேல் இருப்பது காணாமல் போய்விடும், பீரோவில் இருப்பது அப்படியே இருக்கும். 'ஸேவ்' செய்வது என்றால் மேஜையிலிருந்து எடுத்துப் பீரோவில் வைப்பது. நாம் ஆபீஸில் செய்தது போலவே, ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு, பெயர் எழுதி வைக்க வேண்டும். 'பென்ஷன்', 'மெடிக்கல்', 'வீட்டு வரி' என்று வைத்தவனுக்கு அவசரத்தில் கிடைக்கும். எல்லாவற்றையும் முகப்புத் திரையில் கொட்டி வைத்தவன் தேடிக்கொண்டே இருப்பான்.

மௌஸ் பிடிப்பதில் பலருக்குக் கூச்சம். 1990-ல் வந்த விண்டோஸ் 3.0-லேயே சாலிடேர் என்ற சீட்டாட்டத்தைச் சேர்த்திருந்தார்கள். சீட்டை இழுத்து வைத்து விளையாடும்போதே மௌஸ் கைக்குப் பழகிவிடும். வெட்கப்படாமல் ஒரு வாரம் சீட்டாடுங்கள். கை நடுங்குகிறவர்கள், இரண்டு தட்டுக்கு நடுவே உள்ள அவகாசத்தை அதிகமாக்கிக்கொள்ளலாம், அம்புக்குறியைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். இரண்டும் செட்டிங்ஸில் இருக்கின்றன. எழுத்து சின்னதாக இருந்தால் கன்ட்ரோல் பொத்தானை அழுத்திக்கொண்டே கூட்டல் குறியைத் தட்டினால் பெரிதாகும். அதே கன்ட்ரோலோடு இஸட் எழுத்தைத் தட்டினால், டைப் செய்யும்போது கடைசியாகச் செய்த தப்பு சரியாகிவிடும். வாழ்க்கையில் இந்த வசதி இல்லை என்று ஒரு மாமா இங்கே முன்வரிசையில் சொல்கிறார். வாஸ்தவம். யந்திரத்தைத் தொட்டால் கெட்டுப்போகுமோ என்று பயப்படவே வேண்டாம். விரலால் தொட்டு யாரும் கம்ப்யூட்டரைக் கெடுத்ததில்லை.

தமிழில் எழுதுவது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். ஒரு காலத்தில் ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு எழுத்துரு. சென்னையிலிருந்து வரும் கடிதம் இங்கே திறந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரியும். இப்போது யூனிகோட் என்ற பொது முறையால் அந்தத் தொல்லை தீர்ந்தது. செல்போனில் ஜிபோர்ட் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துக்கொண்டால், மைக் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசினாலே எழுதிவிடுகிறது. விரலால் எழுதிக் காட்டினாலும் புரிந்துகொள்கிறது. கம்ப்யூட்டரில் ஒழுங்காகக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு தமிழ் 99 முறையைச் சிபாரிசு செய்வேன். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்தது. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் வலது கையில். அ, ம, ம, ஆ என்று நாலு தட்டில் 'அம்மா' வந்துவிடும், புள்ளியைத் தானே போட்டுக்கொள்ளும். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய மாமிகளுக்கு ஒரு வாரம் கூட ஆகாது.

இன்டர்நெட்டுக்கு வருகிறேன். 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இந்த இணைப்பைத் தந்தது. அப்போது பயந்தது பில்லுக்கு. இப்போது பயப்பட வேண்டியது விலாசத்துக்கு.

பெரும்பாலோர் பாங்க் பெயரைக் கூகுளில் தேடி, முதலில் வருவதைத் தொட்டு உள்ளே போகிறோம். தேடுவது வேறு, விலாசத்துக்குப் போவது வேறு. புது ஊரில் ரயில்வே ஸ்டேஷனில் இறங்கி, "பாங்க் எங்கே?" என்று கண்ணில் பட்ட ஆளைக் கேட்பது தேடுவது. கையில் எழுதிய விலாசத்தோடு நேரே போவது மற்றது. ஸ்டேஷனில் கேட்டால் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வார்கள். ஆனால் புரோக்கரும் அங்கேதான் நிற்பான். முக்கியமாக, 'கஸ்டமர் கேர்' நம்பரைத் தேடி எடுக்காதீர்கள். மோசடிக்காரர்கள் தங்கள் நம்பரையே பாங்க் பெயரில் போட்டு வைத்திருக்கிறார்கள். பாஸ்புக்கிலும் கார்டின் பின்பக்கத்திலும் உள்ள நம்பர் போதும்.

விலாசத்தைப் படிக்க ஒரு சூத்திரம் உண்டு. தபால் உறையில் வீட்டு எண்ணில் தொடங்கி, தெரு, ஊர், மாநிலம் என்று போகிறோம். கடைசி வரிதான் பெரிய இடம். இங்கேயும் அப்படியே, கடைசியில் வருவதுதான் சொந்தக்காரன். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஜீவன்பிரமாண் டாட் கவ் டாட் இன் என்று முடிந்தால் அது சர்க்கார். அதன் பின்னாலேயே இன்னொரு பெயரும் 'டாட் காம்' என்றும் ஒட்டிக்கொண்டிருந்தால், அது யாரோ சர்க்கார் பெயரைத் தன் வீட்டு வாசலில் எழுதி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். பாங்குகளுக்கு ரிசர்வ் பாங்க் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. எல்லாப் பாங்குகளும் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பாங்க் டாட் இன்' என்று முடியும் விலாசத்துக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த முடிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் பத்திரம் என்று நம்புகிறவர்கள் உண்டு. வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். உறை நன்றாக ஒட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவே. உறை போய்ச் சேருமிடம் திருடன் வீடாகவும் இருக்கலாம்.

அடுத்தது ஓ.டி.பி. ஆபீஸில் நாம் போட்ட கையெழுத்துக்கு என்ன மதிப்போ அதுவேதான் இதற்கும். ஆறு இலக்கம் என்றால் பத்து லட்சம் சாத்தியங்கள். அதில் ஒன்றே ஒன்று சில நிமிஷங்களுக்கு மட்டும் உங்கள் கையெழுத்து. வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு யாரிடமாவது கொடுத்திருப்போமா? போனில் கேட்கிறவனிடம் ஓ.டி.பி. சொல்வது அதுதான். யு.பி.ஐ. பின் நம்பர் பணம் கொடுப்பதற்குத் தேவை. வாங்குவதற்குப் பின் நம்பரும் வேண்டாம், கட்டம் கட்டமான அந்தக் கியூஆர் படத்தை நாம் ஸ்கேன் பண்ணவும் வேண்டாம். பழைய சோபாவை விற்கப் போய், "பணம் அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணுங்கோ" என்றதும் பணத்தை இழந்தவர்கள் ஏராளம்.

ரிசர்வ் பாங்கின் 2017 சுற்றறிக்கை ஒன்றைப் பென்ஷன்தாரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் தப்பும் இல்லாமல், பாங்க் தப்பும் இல்லாமல் வேறெங்கோ நடந்த கோளாறால் பணம் போய், பாங்கிலிருந்து தகவல் வந்து மூன்று வேலை நாட்களுக்குள் நீங்கள் புகார் செய்துவிட்டால் உங்களுக்குப் பொறுப்பில்லை என்கிறது. ஆனால் ரகசிய எண்ணை நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரை போன பணம் உங்கள் கணக்கில்தான். சர்க்கார் பாஷையில் சொன்னால் 'அஜாக்கிரதை'. அந்த ஒரு வார்த்தையில் ஆயுள் சேமிப்பு நிற்கிறது.

நவம்பரில் நம் எல்லோருக்கும் உள்ள வேலை லைஃப் சர்ட்டிபிகேட். ஜீவன் பிரமாண் என்ற திட்டம் 2014 நவம்பரில் தொடங்கியது. விரல்ரேகை வைக்க வேண்டியிருந்ததால், ரேகை தேய்ந்த நம் வயதுக்காரர்களுக்கு அது பெரிய அவஸ்தை. 2021 நவம்பரில் முகத்தைக் காட்டிச் செய்யும் முறை வந்த பிறகு வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். ஆண்ட்ராய்ட் போனில் ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண் என்று இரண்டு செயலிகள் வேண்டும். இரண்டையும் பிளே ஸ்டோரிலிருந்து மட்டுமே எடுங்கள். யாரோ அனுப்பும் லிங்க் உதவாது. பக்கத்தில் பி.பி.ஓ. நம்பர், பாங்க் கணக்கு எண், ஆதார், மொபைல் இவற்றை எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், ஜன்னலுக்கு முதுகைக் காட்டினால் கறுப்பாகத்தான் தெரியும். கண்ணைச் சிமிட்டச் சொன்னால் சிமிட்டுங்கள். ஒரே போனில் வீட்டில் உள்ள இருவருக்கும், அடுத்த ஃப்ளாட் மாமாவுக்கும்கூடச் செய்யலாம். மறுமணம் உண்டா என்ற கேள்வி வரும். சிரித்துக்கொண்டே தப்பான இடத்தில் தட்டிவிடாதீர்கள், குடும்ப பென்ஷன் நின்றுபோகும். எண்பது தாண்டிய மத்திய சர்க்கார் பென்ஷன்தாரர்கள் அக்டோபர் 1 முதலே செய்யலாம். பிரமாண் எண் எஸ்.எம்.எஸ்.ஸில் வந்துவிட்டது என்று நிறுத்திவிடாமல், சில நாள் கழித்து ஏற்றுக்கொள்ளப்பட்டதா என்றும் பாருங்கள்.

ஆனால் "லைஃப் சர்ட்டிபிகேட்டைப் புதுப்பிக்கிறோம்" என்று போன் வந்தால் உடனே வையுங்கள். உங்கள் பி.பி.ஓ. எண், ரிட்டையரான தேதி எல்லாம் சரியாகச் சொல்வான். விவரம் தெரிந்தவன் ஆபீஸ்காரனாகத்தான் இருப்பான் என்று நாம் நினைத்துவிடுகிறோம். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

இனி அந்த மூன்றாவது கேள்வி.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, ஊர் பெயர் வேண்டாம். மாமா மகா கெட்டிக்காரர். கரண்ட் பில், காஸ், இன்ஷூரன்ஸ், வருமான வரி, ஃபிக்ஸட் டெபாசிட், ரயில் டிக்கெட் எல்லாம் அவர் போனிலேயே முடித்துவிடுவார். மாமிக்கு ஒரு சிரமமும் வைக்கவில்லை என்று ஊரே மெச்சும். ஒரு நாள் விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார். பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகுதான் தெரிந்தது, எந்தெந்தப் பாங்கில் என்னென்ன இருக்கிறது என்று மாமிக்குத் தெரியாது. போனின் பூட்டைத் திறக்க யாருக்கும் தெரியாது. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை, "அப்பா நம்பர் இனிமே எதுக்கு?" என்று ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டான். நம்பர் அணைந்தது. காஸ் இணைப்பு, ஈ-மெயில், இன்ஷூரன்ஸ் எதைத் தொட்டாலும் ஓ.டி.பி. அந்த இல்லாத நம்பருக்கே போயிற்று. மாமியின் ஆதாரிலும் அந்த நம்பர்தான். அதனால் அவர் முதலில் ஆதார் மையத்துக்குப் போய் நம்பரை மாற்றி, பிறகு ஒவ்வொரு ஆபீஸாக இறப்புச் சான்றிதழின் நகலோடு ஏறி இறங்கினார். முழங்கால் வலியோடு ஏழெட்டு மாதம்.

அவருக்கு மூளை இல்லாமலில்லை. அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் முதல். வீட்டுச் சாவிக் கொத்து இடுப்பில் இருந்தது, இந்தச் சாவிகள் மட்டும் அவர் கையில் தரப்படவில்லை.

அணைந்த நம்பரை என்றைக்கும் நமக்காக வைத்திருக்க மாட்டார்கள். துண்டித்துத் தொண்ணூறு நாள் கழிந்தபின் வேறொருவருக்குக் கொடுக்கலாம். 2023-ல் இந்த விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பிறகு உங்கள் கணக்குக்கு வரும் ஓ.டி.பி.யை முன்பின் தெரியாதவர் படிப்பார். ஆகவே ஒருவர் காலமானால் அவர் நம்பரை ஒரு வருஷமாவது குறைந்த திட்டத்தில் ரீசார்ஜ் செய்து உயிரோடு வையுங்கள். அதை வைத்துக்கொண்டு அவர் பாங்க் கணக்கிலிருந்து பணம் எடுக்கக் கூடாது, அது சட்டப்படி வேறு வழியில் நடக்க வேண்டியது. பாங்குக்குத் தெரிவித்து, நாமினி மூலம் கோர வேண்டும். நம்பர் வேண்டியிருப்பது, எங்கெங்கே என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும், விலாசங்களை மாற்றிக்கொள்ளவும்தான்.

உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டியது இன்னும் சுலபம். தம்பதிகளில் ஒவ்வொருவருக்கும் தனி நம்பர், தனி ஈ-மெயில் இருக்கட்டும். அவரவர் ஆதாரில் அவரவர் நம்பர். ஒரு நோட்டுப்புத்தகத்தில் எந்தப் பாங்க், எந்தக் கிளை, எந்த நம்பர் இணைக்கப்பட்டிருக்கிறது, நாமினி யார் என்று எழுதி வையுங்கள். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதக் கூடாது என்று இளைஞர்கள் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. இன்டர்நெட் திருடனால் உங்கள் கோத்ரெஜ் பீரோவைத் திறக்க முடியாது. மறந்துபோய்ப் பேரனிடம் கெஞ்சுவதைவிட எழுதி வைப்பது மேல். ஏ.டி.எம்., யு.பி.ஐ. பின் நம்பர்களை மட்டும் எழுத வேண்டாம்.

பாஸ்வேர்டில் பேரன் பெயர், நட்சத்திரம், கல்யாண தேதி வேண்டாம். நீளம்தான் பலம். எட்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகள் என்றால் சுமார் 20,880 கோடி சாத்தியங்கள். பெரிதாகத் தெரியும், வேகமான யந்திரத்துக்கு அது ஒன்றுமில்லை. இன்னும் நாலு எழுத்து சேர்த்துப் பன்னிரண்டாக்கினால் சாத்தியங்கள் நாலரை லட்சம் மடங்குக்கு மேல் பெருகுகின்றன. சம்பந்தமில்லாத மூன்று நான்கு வார்த்தைகளைச் சேர்த்து எழுதுங்கள். 'முருங்கை ரயில் கும்குமம்' என்கிற மாதிரி, ஆங்கில எழுத்தில். இதையே யாரும் வைத்துக்கொள்ள வேண்டாம், இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கேள்வி நேரத்தில் வந்தவற்றில் மூன்றை இங்கே எழுதுகிறேன்.

'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோவில் போலீஸ் உடையில் மிரட்டுகிறார்களே என்று ஒரு மாமி கேட்டார். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே மன் கி பாத்தில் இதைச் சொன்னார். எந்தப் போலீஸும், சி.பி.ஐ.யும் வீடியோவில் விசாரித்து, பணத்தை மாற்றச் சொல்லாது. நியாயத்துக்குப் பயந்து வாழ்ந்தவர்களிடம்தான் இது பலிக்கிறது. "உங்கள் ஆதாரில் குற்றம் நடந்திருக்கிறது, யாரிடமும் சொல்லக் கூடாது" என்பான். யாரிடமும் சொல்லாதே என்ற வார்த்தை வந்தாலே போனை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு மணியை அடியுங்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிஷமே 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடுவதற்குள் நிறுத்த முயல்வார்கள். மானத்துக்குப் பயந்து இரண்டு நாள் யோசித்தால் பிடிக்க ஒன்றும் இருக்காது.

வாட்ஸ்அப்பில் வரும் கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திறந்து போனே அடுத்தவன் வசமாகிவிட்டதாமே என்றார் இன்னொருவர். நடக்கிறதுதான். பத்திரிகை படமாகவோ பி.டி.எஃப்.ஆகவோ வரும். கோப்பின் பெயர் 'ஏ.பி.கே.' என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல, செயலி. தொடாதீர்கள். நம்மவர்கள் நேரில் வந்து மஞ்சள் குங்குமத்தோடு அழைத்தால் இந்த வம்பே இல்லை என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

பழைய லாப்டாப்பை வைத்துக்கொள்ளலாமா என்பது மூன்றாவது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஸ்லோகம் டைப் செய்ய, சீட்டாட, பழைய போட்டோ பார்க்க அது தாராளமாகப் போதும். பாங்க் வேலையை அதில் செய்ய வேண்டாம்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு இதே ஹாலில் கையால் செய்து பழகும் வகுப்பு நடக்கும். படிக்கும் கண்ணாடி, சார்ஜ் செய்த போன், கோடு போட்ட நோட்டு ஒன்று கொண்டு வரவும். ஏ.டி.எம். கார்ட் வேண்டாம். தம்பதிகளாக வருகிறவர்கள் தனித்தனி பெஞ்சில் உட்கார வேண்டும். மாமா பக்கத்தில் இருந்தால் மாமி கையிலிருந்து போனை வாங்கித் தானே செய்து கொடுத்துவிடுகிறார்.